கிளிநொச்சிப் பக்கம் தனியார் உளநலக் கிளினிக்: விதித்தாளில் எதை எழுதலாம், எதை விடலாம்?

முன்மேசை (கிளிநொச்சி)

வணக்கம். ஏ9 வீதியோரம், நகருக்குச் சற்றுத் தள்ளி, அடுத்த மாதம் சிறிய உளநலக் கிளினிக் ஒன்று தொடங்குகிறோம். மனநல வைத்தியர் ஒருவர், உளவளத்துணையாளராக நான், பதிவுக்கு ஒரு பிள்ளை, அவ்வளவுதான் ஆட்கள். டொக்டருக்குப் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை, அதனால் பின்னேரம் ஐந்து மணிக்குத் திறந்து எட்டு மணிக்குப் பூட்டுவதாக இருக்கிறோம். விதிகளை ஒரு பக்கத்தில் எழுதித் தா, ஒன்றைச் சுவரில் ஒட்டுவோம், ஒன்றை முதல்நாள் வருகிறவர் கையில் கொடுப்போம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

இணையத்தில் தேடினால் வெளிநாட்டுக் கிளினிக்குகளின் தாள்கள்தான் வருகின்றன. 24 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்காமல் வராவிட்டால் முழுக் கட்டணம், மூன்று முறை தவறினால் பெயர் வெட்டு, தொலைந்த மருந்துத் துண்டுக்கு மறுதுண்டு இல்லை. அவற்றைப் பார்த்து நானும் ஒன்று எழுதினேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால், எங்கள் சனத்தோடு கதைக்கிற மாதிரி இல்லை, வாசலிலேயே மறித்து வைத்துக் கேள்வி கேட்கிற மாதிரி இருக்கிறது.

இப்போதைக்கு இருப்பது இதுதான். நேரம் பதிந்துதான் வர வேண்டும், வராவிட்டால் கட்டிய காசு திரும்பாது. டொக்டரை நேரில் பார்த்த பிறகுதான் துண்டு, தொலைபேசியில் கேட்கக் கூடாது. நித்திரைக் குளிசையும் பதட்டத்துக்குக் கொடுக்கிற டயசிபாம், குளோனசிபாம் போன்றவையும் தொலைந்தால் எக்காரணம் கொண்டும் மறுபடி எழுதப்படாது. விசா, வழக்கு போன்றவற்றுக்குக் கடிதம் கேட்டால் குறைந்தது மூன்று முறையாவது பார்த்திருக்க வேண்டும்.

டொக்டர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. முன்பு வேறோர் இடத்தில் அவர் எழுதிய ஒரு துண்டைப் பிரதி எடுத்து நாலைந்து கடைகளில் குளிசை வாங்கியிருக்கிறார்கள். அதனால் இறுக்கமாகவே எழுதச் சொல்கிறார். ஆனால் தூர இடத்துச் சனம் இதைப் பார்த்துவிட்டு வராமலே விட்டுவிடுமோ என்று எனக்குப் பயம். வருத்தக்காரராக, வீட்டில் பார்த்துக்கொள்பவராக, மருந்துக்கடை வைத்திருப்பவராக உங்களுக்கு என்ன தோன்றுகிறது? மனதில் பட்டதை அப்படியே எழுதுங்கள்.

---

விசுவமடு அம்மா

தங்கச்சி, கேட்டது நல்லது, எங்களிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

என் மகனுக்கு லித்தியம், மனநிலை ஏறி இறங்காமல் இருக்கக் கொடுக்கிற குளிசை. பதினொரு வருடமாகப் போடுகிறான், அந்தக் குளிசையால்தான் அவன் இன்றைக்கு வயலுக்குப் போய்வருகிறான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் காலபோக அருவி வெட்டு நேரம், நல்ல வெயில், கூலிக்குப் போன இடத்தில் நாரிப்பிடிப்பு வந்து, நோவுக்கென்று யாரோ கொடுத்த டைக்குளோபினக் குளிசையை நான்கு நாள் போட்டிருக்கிறான். எனக்கு அது தெரியாது. ஐந்தாம் நாள் காலை தேத்தண்ணிக் கிளாசை இரண்டு கையாலும் பிடித்தும் முக்கால்வாசியைச் சாரத்தில் ஊற்றிக்கொண்டான். நடக்கும்போது ஒரு பக்கம் சரிந்தான். அப்போது அவனைக் காட்டிக்கொண்டிருந்த தனியார் இடத்துக்கு அழைப்பு எடுத்தேன். எடுத்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தது, அம்மா உங்கள் திகதி இருபதாம் திகதி, டொக்டர் தொலைபேசியில் கதைக்க மாட்டார், அதுதான் இங்கத்தை விதி என்றது. நானும் விதி என்றால் விதிதானே என்று இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் வாந்தியும் வயிற்றோட்டமும், கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை. 1990க்கு அடித்து அம்புலன்சில் ஏற்றினோம். இரத்தத்தில் லித்தியம் ஏறிப்போய்விட்டது, அந்த நோவுக் குளிசையும் வெயிலில் தண்ணீர் வற்றினதும் சேர்ந்துதான் இப்படி, இன்னும் பிந்தியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஆகவே உங்கள் தாளில் முதலாவதாக வர வேண்டியது காசோ நேரமோ இல்லை. கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி, காய்ச்சலோடு தொண்டைநோ, உடம்பில் பொக்களம், இப்படி ஏதும் வந்தால் திகதியைப் பார்க்காமல் உடனே இந்த இலக்கத்துக்கு எடுங்கள், இரவென்றால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதுங்கள். தொலைபேசி எடுக்கிற பிள்ளைக்கும் எதெது அவசரம் என்று சொல்லிக் கொடுங்கள். அந்தப் பிள்ளையில் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை, அதற்குச் சொல்லிக் கொடுத்ததை அது சொன்னது.

அடுத்தது நேரம். ஐந்து மணிக்குத் திறந்து எட்டு மணிக்குப் பூட்டினால் நாங்கள் எப்படித் திரும்பிப் போவது? பரந்தன் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு ரோட்டுக்கு மாற வேண்டும். அந்த நேரத்தில் பஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு டொக்டருக்குக் கொடுப்பதை விடக் கூட. நகரத்துக்குள் இருக்கிறவர்களுக்குப் பின்னேரம் சரி. எங்களுக்குச் சனி, ஞாயிறு காலையில் ஏதாவது பாருங்கள்.

வராவிட்டால் காசு திரும்பாது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். மாரியில் ரோட்டுக்கு மேலால் வெள்ளம் போகும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடு, அந்த நாட்களில் பஸ்ஸில் கால் வைக்க இடமிராது. இவற்றில் எது வரும் என்று முதல்நாளே எங்களால் சொல்ல ஏலாது.

---

மருந்துக்கடை (புதுக்குடியிருப்பு)

டொக்டரின் பயம் எனக்கு விளங்குகிறது, ஏனென்றால் அந்தப் பிரதித் துண்டுகள் வந்து நிற்பது எங்கள் மேசையில். இப்போது பெரும்பாலும் பிரதி கூட இல்லை, கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டுகிறார்கள். நரம்பு நோவுக்குக் கொடுக்கிற, சிலர் போதைக்கும் போடுகிற பிரேகபலின் கேட்டுப் பெடியள் வருகிறார்கள், நரம்பு வருத்தம் என்பார்கள், யாருக்கு என்று கேட்டால் அம்மாவுக்கு என்பார்கள், அம்மாவின் வயது கேட்டால் முழிப்பார்கள். இல்லை என்று சொல்லி அனுப்பினால் அடுத்த கடை. இந்த வகை மருந்துகளைத் துண்டு இல்லாமல் விற்பது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க மருந்து ஒழுங்குறுத்துகை அதிகாரசபைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்குப் பயந்து நடக்கிற கடைக்காரருக்கு உங்கள் துண்டு உதவ வேண்டும்.

துண்டில் மருத்துவரின் பெயர், மருத்துவச் சபைப் பதிவு இலக்கம், முத்திரை இருக்க வேண்டும், எழுதிய திகதியும் எத்தனை நாளுக்கு என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். குளிசையின் எண்ணிக்கையை இலக்கத்தில் மட்டும் எழுதாமல் எழுத்திலும் எழுதச் சொல்லுங்கள். 10க்குப் பின்னால் ஒரு சைபர் போட எவ்வளவு நேரம்? நித்திரைக் குளிசைக்கு வேறாக ஒரு துண்டு, அதில் ஒருமுறை மட்டும் என்று ஒரு வரி. நான் கொடுத்தவுடன் கடை முத்திரையும் திகதியும் குத்தி எண்ணிக்கையை எழுதிவிடுவேன், அதற்குப் பிறகு அது வேறு கடையில் செல்லாது.

இன்னொன்று, மருந்தின் பொதுப்பெயரை எழுதுங்கள், கம்பனிப் பெயரை மட்டும் எழுத வேண்டாம். 2022இல் ஒன்றும் வராமல் இருந்த நாட்களில் மனச்சோர்வுக்குக் கொடுக்கிற செர்ட்ரலின் ஒரு கம்பனியினது இல்லை என்று சனம் வெறுங்கையோடு திரும்பிப் போனது, என் இறாக்கையில் வேறு கம்பனியின் அதே செர்ட்ரலின் இருந்தும்! துண்டில் இருந்த பெயர் வேறு, அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. குளிசையின் நிறம் மாறினாலே மருந்து மாறிவிட்டது என்று நிற்பாட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நிறம் மாறலாம், பெயரைப் பாருங்கள், சந்தேகமென்றால் கடைக்காரரைக் கேளுங்கள் என்று தாளில் எழுதினால் பெரிய புண்ணியம்.

கிளினிக் இலக்கத்தை எங்களுக்கும் தாருங்கள். சந்தேகமான துண்டு வந்தால் உடனே எடுத்துக் கேட்போம், அதற்கு ஒருவர் பதில் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும்.

---

பெயர் வேண்டாம்

நான் போய்வருகிறவன். என் பக்கத்தில் இருந்து சின்ன விஷயங்கள்தான்.

பெயரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டாம், இலக்கத்தைக் கூப்பிடுங்கள். ரோட்டைப் பார்த்தபடி கதிரை போட வேண்டாம். ஏ9இல் போகிற பஸ் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டு போகும், அதில் எங்கள் ஊர் ஆள் ஒருவராவது இருப்பார். பெயர்ப்பலகையில் பெரிய எழுத்தில் "மனநோய்" என்று போட வேண்டாம்.

திகதியை நினைவூட்ட அழைப்பு எடுப்பதென்றால், முதல்நாளே எந்த இலக்கத்துக்கு எடுக்கலாம், யார் எடுத்தால் கதைக்கலாம் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒருமுறை எனக்கு வந்த அழைப்பை என் மைத்துனர் எடுத்துவிட்டார். எங்கிருந்து எடுக்கிறோம் என்று முழுதாகச் சொல்லிவிட்டார்கள். தங்கச்சியின் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் எந்தக் கிளினிக்குக்கும் போகவில்லை.

---

ஓய்வுபெற்ற மிசி (வவுனியா)

முப்பது வருடத்துக்கு மேல் உளநலப் பிரிவிலும் வாட்டிலும் தாதியாக நின்றவள் என்ற உரிமையில் எழுதுகிறேன், பிள்ளை, குறை நினைக்க வேண்டாம்.

"எக்காரணம் கொண்டும் மறுபடி எழுதப்படாது" என்ற வரியை இன்றைக்கே வெட்டுங்கள். டயசிபாமோ குளோனசிபாமோ நான்கைந்து வருடம் தொடர்ந்து போட்ட ஒருவர் ஒரே நாளில் நிற்பாட்டினால் வலிப்பு வரலாம். அவர் உண்மையிலேயே தொலைத்தாரா, இன்னொருவருக்குக் கொடுத்தாரா என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத நிலையில் மூன்று நாளுக்கோ ஐந்து நாளுக்கோ கொடுங்கள், அதற்குள் டொக்டரைப் பார்க்கத் திகதி கொடுங்கள், கொப்பியில் எழுதுங்கள். இரண்டாம் முறையும் தொலைந்தால் கிழமைக்குக் கிழமை வந்து எடுக்கச் சொல்லுங்கள், வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் கொடுங்கள். களவாக எடுக்கிறவரையும் அது கட்டுப்படுத்தும், உண்மையாகத் தொலைத்தவரும் வலிப்பு வந்து விழ மாட்டார். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இரண்டு மூன்று கிழமைக்கு மேல் எழுதுவதில்லை என்று டொக்டர் ஒரு முடிவு எடுத்தால், பிறகு வருகிற சண்டை பாதி குறையும்.

மற்ற மருந்துகளுக்குக் கேட்காத மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கிற குளோசப்பின் போடுகிறவர்களை வேறாக வையுங்கள். முதல் 18 கிழமை ஒவ்வொரு கிழமையும் இரத்தம் பார்க்க வேண்டும், பிறகு ஒரு வருடம் வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை. விசுவமடு அம்மா சொன்ன காய்ச்சலும் தொண்டைநோவும் இங்கேதான் முக்கியம், வெள்ளை அணு இறங்கியிருக்கலாம். 48 மணித்தியாலத்துக்கு மேல் குளிசை விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பப் போடக் கூடாது, 12.5 மில்லிகிராமில் இருந்து தொடங்க வேண்டும். இது தெரியாமல் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு, விட்டதையும் சேர்த்து ஒரேயடியாகப் போட்டு மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வரத் தவறினால் பெயரை வெட்டுவது என்ற பேச்சு இந்த ஆட்களுக்கு ஆகவே ஆகாது. வரத் தவறினால் அடுத்த நாள் காலையில் நீங்கள்தான் அழைப்பு எடுக்க வேண்டும்.

கொப்பி பற்றியும் சொல்ல வேண்டும். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நாங்கள் கிளினிக் நடத்தியபோது வந்த சனத்திடம் ஒரு கடதாசி கிடையாது, எல்லாம் முள்ளிவாய்க்காலில் போய்விட்டது. என்ன மருந்து போட்டீர்கள் என்றால் சின்ன வெள்ளைக் குளிசை என்பார்கள். சின்ன வெள்ளைக் குளிசை எத்தனை இருக்கிறது! ஒரு தாய், மகளின் குளிசை மட்டையை, வெறும் மட்டை, உள்ளே ஒன்றும் இல்லை, சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தார். முடிச்சை அவிழ்க்க அவருக்குக் கை வரவில்லை, நான்தான் அவிழ்த்தேன். மட்டையின் ஓரத்தில் ரிஸ்பெரிடோன் என்பதில் முன் நாலு எழுத்து மிச்சம் இருந்தது. அன்றைக்கே அந்தப் பிள்ளைக்கு மருந்து தொடங்கினோம். அந்த அம்மாவை நினைத்துத்தான் சொல்கிறேன், கையடக்கமாக ஒரு அட்டை கொடுங்கள், மருந்தின் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், அளவு, தொடங்கிய திகதி. அதைப் படம் எடுத்துப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலும் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக, தற்கொலை முயற்சி பற்றிச் சனம் டொக்டரிடம் மறைக்கிறது, பொலிஸ் வரும் என்று பயந்து. 1998இல் இருந்து இந்த நாட்டில் அது குற்றம் இல்லை. அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அப்படியான எண்ணம் இருக்கிறவருக்கு ஒரு மாதக் குளிசையை ஒன்றாகக் கொடுக்க வேண்டாம், அதிலும் மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அமிற்றிப்டிலினை அளவுக்கு மேல் போட்டால் இதயத்தை நிற்பாட்டும். 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட், டைமெத்தோயேற், பென்தியன் என்ற களைகொல்லி, பூச்சிகொல்லி நஞ்சுகள் மூன்றையும் கடையில் இருந்து எடுத்த பிறகு எங்கள் வாட்டுக்கு வந்தவர்களில் பிழைத்துப்போனவர்கள் கூடினார்கள், நானே கண்டேன். வீட்டில் கைக்கெட்டுகிற இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம். கிளினிக் பூட்டியிருக்கிற நேரத்துக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையும் போடுங்கள், 24 மணித்தியாலமும் எடுப்பார்கள்.

---

முன்மேசை (கிளிநொச்சி)

எல்லோருக்கும் நன்றி. விசுவமடு அம்மா, நீங்கள் எழுதியதை டொக்டருக்கு வாசித்துக் காட்டினேன், அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை, பிறகு என்னுடைய இரண்டாம் கைத்தொலைபேசியைக் கிளினிக்குக்கு விடுகிறேன் என்றார். சனிக்கிழமை காலை எட்டரைக்குத் திறக்கிறோம், கிழமை நாட்களில் தூர இடத்தவர்களுக்கு முதல் இலக்கங்கள். காசு விஷயத்தில், வரமுடியாதென்று அன்றைக்குக் காலையில் சொன்னாலும் போதும், அந்தக் காசு அடுத்த முறைக்குச் செல்லும். மிசி, அந்த வரியை வெட்டிவிட்டேன். கதிரைகளைப் பின்பக்கம் வேப்பமரத்தடிக்கு மாற்றுகிறோம்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. காசு கட்டி வந்தால் குளிசையோடுதான் போக வேண்டும் என்று சனம் நினைக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடுகிற தாய்மார் நித்திரை இல்லை என்று வருவார்கள், கிளிநொச்சியில் 2017 மாசியில் தொடங்கின போராட்டப் பந்தலில் இருந்த அம்மாமார் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு முதல்நாள் குளிசை இல்லை என்று எப்படிச் சொல்வது?

---

வைத்திய அதிகாரி, உளநலம் (மன்னார்)

இல்லை என்ற சொல்லில் தொடங்க வேண்டாம். முதல்நாள் முழுதாகக் கேட்பதற்கு, மருந்து தேவையா என்று இரண்டாம் முறை பேசுவோம் என்று எழுதலாம். அந்தத் தாய்க்கு மனச்சோர்வும் இருந்தால், சாப்பாடு இல்லை, எழும்ப ஏலவில்லை, சாக வேண்டும் என்கிறார் என்றால், முதல்நாளே மருந்து தொடங்கத்தான் வேண்டும், அதில் தயங்கக் கூடாது. ஆனால் குணம் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும், குணம் கண்ட பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பத்தாம் நாள் நிற்பாட்டிவிடுவார்கள். பிள்ளையைத் தேடுகிற துக்கம் மட்டும் என்றால் அதற்குக் குளிசை கிடையாது, உங்களைப் போல ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்பதுதான் வேண்டும். வருடக்கணக்கில் டயசிபாம் கொடுத்து அந்த அம்மாமாரை நாங்கள் மழுங்கடித்தது போதும்.

இன்னும் இரண்டு. மாதம் மாதம் காசு கொடுத்து வாங்க ஏலாதவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், அங்கே மருந்து இலவசம். அதை உங்கள் தாளிலேயே போடுங்கள், கேட்க வெட்கப்படுவார்கள். இரண்டு இடத்திலும் எடுக்கிறவர்கள் இரண்டு கொப்பியையும் கொண்டுவர வேண்டும், ஒரே மருந்து இரட்டிப்பாவதை நான் கிழமைக்கு ஒருமுறையாவது காண்கிறேன். கடிதங்களுக்கு மூன்று முறை என்ற கணக்கு தேவையில்லை. பார்த்ததை மட்டும் பார்த்த திகதியோடு எழுதுவோம், பின்திகதி போடமாட்டோம் என்று எழுதினால் கடிதம் கேட்டு வெளிநாட்டில் இருந்து வருகிற அழைப்புகளுக்கும் அதுவே பதில். அப்புறம், பிள்ளை பெறுகிற வயதுப் பெண்களுக்கு வல்புரோவேற் எழுதுவதற்கு முன், அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் என்பதால், கட்டாயம் கதைக்க வேண்டும், துணைக்கு வந்தவரை வெளியே இருத்திவிட்டு.

---

விசுவமடு அம்மா

தங்கச்சி, சனிக்கிழமை எட்டரை என்றால் நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கலாம். லித்தியத்துக்கு இரத்தம் எடுப்பது கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலத்தால்தானே, அதுவும் காலையில் சரிவரும். இரத்தத்தை உங்களிடமே எடுப்பீர்களா, வேறிடம் போக வேண்டுமா?

---

முன்மேசை (கிளிநொச்சி)

பக்கத்தில் உள்ள ஆய்வுகூடத்தோடு கதைத்திருக்கிறோம் அம்மா, சனிக்கிழமை ஏழரைக்கு ஆள் வந்து எங்கள் இடத்திலேயே எடுப்பார். இரவுக் குளிசையை ஏழரை மணிக்குப் போடச் சொல்லுங்கள், காலைக் குளிசை இருந்தால் கையில் கொண்டு வரட்டும், இரத்தம் கொடுத்த பிறகு போடலாம்.

---

மருந்துக்கடை (புதுக்குடியிருப்பு)

தாள் அச்சடித்ததும் எனக்கு ஐம்பது அனுப்புங்கள். நோவுக் குளிசை வாங்க வருகிறவரிடம் லித்தியம் போடுகிறீர்களா என்று இன்றில் இருந்து கேட்கிறேன், அந்த வரியை மட்டும் பெரிதாக்கி மேசைக்கு முன்னால் ஒட்டுகிறேன்.